பாறைக்கு அளவெடுத்த கூடாரம்

என் கடைக்கு வந்தவர்களில், "இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க" என்று சொன்னதும் அதை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் தள்ளி நின்றவர் அந்த அக்கா ஒருவர்தான்.

ஓசூரில் பாகலூர் சாலையோரம் இருக்கிறது கடை. பைக்குக்கு சீட் கவர், ஆட்டோவுக்கு மேல் படுதா, பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் என்று வருவதைத் தைத்துக் கொடுப்பேன். பெரிய துணியாக வந்தால், கொண்டுவந்தவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வது வழக்கம். எல்லோரும் பிடிப்பார்கள். சிலர் ஊர்க்கதை பேசிக்கொண்டே, சிலர் இன்னொரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே. இவர் பைக்குள் கையை விட்டு ஒரு முழம் கயிற்றை எடுத்தார். முடிச்சு விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"இப்ப தைங்க."

"கையில பிடிச்சாலே போதுங்க்கா."

"கை அசந்துரும்மா. கம்பி அசராது."

அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். சுடிதாருக்கு மேல் சாம்பல் நிற யூனிஃபார்ம் சட்டை. வண்டிகளுக்கான ரப்பர் சீல்களை நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கிற வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேசையில் அவர் வைத்த பொட்டலம் டிபன் பை அளவுதான் இருந்தது. பிரித்தபோது விரிந்துகொண்டே போனது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய துணி.

"டென்ட்டு. கம்பெனி ஆண்டு விழாவுல குலுக்கல்ல விழுந்துச்சு. மத்தவங்களுக்குக் குக்கரு, மிக்சி. எனக்கு இது. தம்பி பொண்டாட்டி, யாராச்சும் மிக்சி கெடச்சவங்ககிட்ட மாத்திக்கிட்டு வாங்கன்னா. யாரு மாத்துவா?"

வேண்டியது இதுதான். கூடாரத்தின் மேல்துணியில் கயிறு கட்டுவதற்குச் சின்ன வளையங்கள் தைத்திருந்தார்கள். நான் அதைக் காது என்று சொல்லப்போய், அக்காவும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். மூலைக்கு ஒன்றாக நாலு காது. அக்காவுக்கு இன்னும் இரண்டு வேண்டும். இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் காட்டினார்.

சீட் கவருக்குப் போடுகிற நைலான் பட்டையை வைத்து, தடித்த ஊசியில் நாலு வரிசை ஓட்டிக் கொடுத்தேன். யானையைக் கட்டினாலும் நிற்கும் என்று சொன்னதாக ஞாபகம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. பட்டை அப்படியே இருந்தது, தையலும் இருந்தது. தையலை ஒட்டித் துணிதான் கிழிந்திருந்தது, நாள்காட்டித் தாளைக் கிழித்த மாதிரி நேராக.

நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அக்கா சண்டைக்கு வரவில்லை.

"காத்து மேல தப்பில்லமா. ஊசி வரிசையா ஓட்ட போட்டு வெச்சிருந்துச்சு. காத்து அந்த வழியாவே போயிருச்சு."

"வேற எப்படிக்கா தைக்கறது?"

"தெரியல. பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. பட்டையை நேரடியாகத் துணியில் வைக்கக் கூடாது, நடுவில் இன்னொரு துணி வேண்டும் என்று நான் சொன்னேன். சதுரமாக வெட்டி ஒட்டினோம், மூலையிலிருந்து உரிந்தது. வட்டமாக வெட்டினோம். ஒட்டுத்துணிக்குக் கூடாரத்தைச் சுருட்டி வைக்கிற உறையையே வெட்டினோம். அதே ரகத் துணி வேறெங்கே கிடைக்கும்? கடையில் இருந்த எந்தப் பசையும் அதில் நிற்கவில்லை, காய்ந்ததும் தோல் உரிகிற மாதிரி தனியாக வந்தது. கடைசியில் கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கானைக் கொஞ்சம் டர்பென்டைன் விட்டு இளக்கித் தடவிப் பார்த்தபோது பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம், இரண்டுக்கும் நடுவே துணி. அதன் மேல் மெல்லிய ஊசியில் சின்னப் பட்டை. தையல் ஓட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க மறுபடி ஒரு கை சிலிக்கான். உள்பக்கம் ஒரு வெல்க்ரோ துண்டு வைத்து, கூடாரத்தைத் தாங்குகிற வளைந்த குழாயோடு சுற்றிவிட்டோம். காற்று இழுத்தால் இழுவை துணிக்குப் போகாமல் குழாய்க்குப் போகும்.

இந்தக் காது கிழியவில்லை. அக்கா வந்து சொல்லவில்லை. "இன்னும் ஒன்னு வேணும்" என்று வந்தபோது தெரிந்துகொண்டேன்.

அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டார். உறை சுருங்கிக்கொண்டே வந்தது. பிறகு கூடாரத்தை ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்குப் புரியாதது அவர் காட்டிய இடங்கள். ஒரு பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் ஒன்றே ஒன்று. ஒன்று தோள் உயரத்தில், ஒன்று முழங்காலுக்கும் கீழே. பின்பக்கத்தில் நட்டநடுவில் இல்லாமல், ஒரு சாண் தள்ளி ஒன்று.

"என்னாத்துக்குக்கா இப்படிக் கோணலா?"

"அங்க அப்படித்தான் இருக்குது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் எங்கே என்று கேட்கவில்லை. பெங்களூர்ப் பிள்ளைகள் சனிக்கிழமை ஆனால் முதுகில் மூட்டையோடு மலை மலையாக ஏறுவதை இந்தச் சாலையில் தினமும் பார்க்கிறோம். இவரும் ஏதோ கூட்டத்தோடு போகிறார் என்றிருந்தேன்.

*

ஒருமுறை நெடுநாள் காணவில்லை. அவர் கம்பெனியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி பை தைக்க வந்தவள், பித்தப்பையில் கல், ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னாள். மறுநாள் பத்துமணி வாக்கில் இட்லி கட்டிக்கொண்டு போனேன்.

பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கு, பிளாஸ்க், தரையில் தூங்கும் குழந்தை. அக்காவின் கட்டிலைச் சுற்றி யாரும் இல்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியிலிருந்து அவர் இடுப்புவரை ஒரு துப்பட்டா நீண்டு கிடந்தது. அதில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டிருந்தார்.

"இது என்னாக்கா?"

முதல் முடிச்சைப் பிடித்தார். பிறகு அடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏணியில் ஏறுவதுபோல முடிச்சு முடிச்சாகப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நர்சம்மாவக் கூப்புட்டா வருவாங்க. அவங்களுக்கும் எத்தன பேரு."

"வீட்டுல?"

"டபுள் ஷிப்டுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

"சொல்லலயா?"

"கேக்கலமா. கேட்டா சொல்லியிருப்பன்."

அவர் குரலில் குறையே இல்லை. பஸ் இந்த ஸ்டாப்பில் நிற்காது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். இட்லியைச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். தூக்கைக் கழுவ நான் கை நீட்டினால் கொடுக்கவில்லை. அவரே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. யாரும் இல்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இருந்து இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

*

வைகாசியில் ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்கு வந்தார். இரண்டு காதுக்குச் சிலிக்கான் விட்டுப் போயிருந்தது. ஒட்டிவிட்டு, "காயறதுக்கு ஒரு நாள் ஆகுமே" என்றேன். "இன்னிக்கே வேணும்" என்றார். என் வீட்டுக்காரர் லோடோடு சேலம் போயிருந்தார். கடையில் வேலையும் இல்லை. "நானும் வரட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பர்வால்ல, வா" என்றார். அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிவந்தார். அன்றிலிருந்து 'நீ'.

மொபெட்டில் கெலமங்கலம் தாண்டிப் போனோம். கம்பெனிக் காம்பவுண்டுகள் முடிந்து, ராகிக் கொல்லைகள் வந்து, பிறகு ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸ்கள். வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாக. அதில் ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தினார். காவலுக்கு இருந்த தெலுங்குக்காரர் "ஏமக்கா, ஜோடியா வந்திருக்கீங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். பின்பக்கம் போனால் வேலி, வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. யானை படுத்திருப்பது போல என்று எல்லோரும் சொல்லுவார்கள். இது அப்படியெல்லாம் இல்லை. கவிழ்த்துவைத்த வாணலிதான். மேலே ஏறினால் ஒரு வீட்டுத் தளம் அளவுக்குச் சமமான இடம். சுற்றிலும் காற்று.

"இது என்னுது" என்றார்.

அவர் அப்பா கூலிவேலை செய்து சேர்த்த நிலம். பங்கு பிரித்தபோது கீழே இருந்த மண் தம்பிக்கு, மேலே இருந்த கல் அக்காவுக்கு. தம்பி மண்ணை ரோஜாக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். "யாரும் ஏமாத்தலமா. நான்தான் சரின்னன். மண்ண வெச்சு நான் என்ன பண்ணப்போறன்னு நெனச்சன்" என்றார். கல்யாணம் ஒன்று பேசி நின்றுபோயிருந்தது. பத்தொன்பது வயதில் கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்தவர். பல வருஷம் ஹாஸ்டல் கட்டில், பிறகு ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறிப் படுக்கிற வாடகை அறை. கடன் வாங்கி, வீட்டு வசதிக் குடியிருப்பில் ஓர் அறையும் ஹாலும் உள்ள வீடு ஒன்றை வாங்கினார். தம்பி, தன் மகனை ஓசூரில் படிக்கவைக்கவென்று குடும்பத்தோடு வந்து தங்கினார். அவர்களுக்கு அறை, அக்காவுக்கு ஹால். ஹாலில் டிவி. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் டிவிக்குக் கீழே முகத்தை மூடிக்கொண்டு தூங்குவார்.

குலுக்கலில் விழுந்த கூடாரத்தை முதலில் மொட்டைமாடியில்தான் கட்டிப் பார்த்தாராம். துணி காயப்போட இடமில்லை என்று மற்ற வீட்டுக்காரர்கள் சொன்னதும் கழற்றிவிட்டார். பிறகு இந்தப் பாறை ஞாபகம் வந்திருக்கிறது.

மஞ்சள் பையிலிருந்து கூடாரத்தை எடுத்து விரித்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாறையில் முளை இறங்காது. மூலைக்கு ஒன்றாக முளை அடித்து இழுத்துக் கட்டுகிற கூடாரம் அங்கே நிற்காது. மேற்கே மூன்று உருண்டைக் கல் கிடந்தது, அதற்கு மூன்று காது. கிழக்கே ஒரு வெடிப்பில் ஆவாரஞ்செடி வேர் பிடித்திருந்தது, அதற்கு ஒன்று. பின்னால் பாறையே துருத்திக்கொண்டு இருந்தது, ஒரு சாண் தள்ளி. கோணல் கோணலாக நான் தைத்த ஒவ்வொரு காதும் ஒரு கல்லைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உலகத்தில் வேறெங்கும் இந்தக் கூடாரம் இப்படி நிற்காது. அந்தப் பாறைக்கு நான் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

பொழுது சாயும் நேரத்தில் மேற்கே கறுத்தது. பாலிஹவுஸ் பிளாஸ்டிக் படபடக்கிற சத்தம் முதலில் வந்தது, பின்னாலேயே காற்று. நாங்கள் உள்ளே இருந்தோம். மதியம் ஒட்டிய இரண்டும் சரியாகக் காயாததால் ஒன்று பிய்த்துக்கொண்டது. அந்தப் பக்கத் துணி உள்ளே விழுந்து என் முகத்தில் அறைந்தது. நான் இரண்டு கையாலும் துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விடு" என்றார் அக்கா.

"விட்டா விழுந்துருங்க்கா."

"எவ்வளவு நேரம் பிடிப்ப? விடு."

வெளியே போய், பாறையிடுக்கிலிருந்து புளியங்கொட்டை அளவில் வழவழப்பான கல் ஒன்றைப் பொறுக்கினார். மழையில் நின்றுகொண்டு, துணிக்கு அடியில் கையை விட்டு உள்பக்கமிருந்து கல்லைத் தள்ளி, துணியோடு சேர்த்துக் கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். தையல் இல்லை, பசை இல்லை. ஒரு காது முளைத்துவிட்டது. கயிற்றின் மறுமுனையை உருண்டைக் கல்லில் சுற்றிவிட்டு உள்ளே வந்தார். கூடாரம் நிமிர்ந்தது. என் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. அவர் அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

காற்று அடங்கி, மழை மட்டும் சீராகப் பெய்தது. அக்கா தலைமுடியைத் துவட்டிக்கொண்டே சொன்னார், "இங்க படுத்தா நல்லாத் தூங்கறன்மா. அங்க தூக்கமில்ல."

"தனியா பயமா இல்லையாக்கா?"

"அங்க இருக்கற தனிக்கு இது தேவல."

*

அந்த ஆடியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நல்ல சேலை, கையில் குடை. அக்காவின் தம்பி மனைவி என்றாள். மஞ்சள் பையோடு அக்கா என் கடைக்கு வந்துபோவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க நாத்தனாரு சனிக்கெழம சனிக்கெழம எங்க போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களயே கேளுங்களேன்."

"தப்பா எடுத்துக்குவாங்களோன்னு..."

"மாட்டாங்க. கேட்டா சொல்லுவாங்க."

கேட்டிருக்கிறார்கள். மறுநாளே அக்கா கடைக்கு வந்தார். வேலை எதுவும் இல்லை. சும்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் என் கடையில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வீட்டுல கேட்டாங்கமா."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தயும் சொன்னன். வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றாங்களாம். பிரியாணி செஞ்சு எடுத்துக்கிட்டு. பசங்களுக்கு டென்ட்டுக்குள்ள படுக்கணுமாம்." எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "பாறையில வெயிலடிக்கும். ஒரு தார்ப்பாய் இருந்தா நல்லா இருக்கும்."

கடையிலிருந்த படுதா ஒன்றைக் கொடுத்தேன். நாலு ஓரத்திலும் கயிறு கோக்க வளையக் கண் அடித்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் படுதாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நன்றாக மடித்திருந்தார். என்னக்கா, பிள்ளைகளுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஆடினார்கள். மருமகன், தம்பியின் பையன், ஒவ்வொரு காதாகத் தொட்டு, இது எதுக்கு அத்தை, இது எதுக்கு என்று கேட்டானாம். இவரும் ஒவ்வொரு கல்லாகக் காட்டியிருக்கிறார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

"கூட ஒரு ஆளும் வந்திருந்தாரு. தம்பியோட சிநேகிதருன்னு சொன்னாங்க. சாப்புட்டு முடிஞ்சதும் அவரு எழுந்து நடந்தாரு. சட்டப்பையில இருந்து சின்னதா ஒரு சுத்தி எடுத்தாரு. பாறைய ஒரு தட்டு தட்டி, குனிஞ்சு காத வெச்சுக் கேட்டாரு. இன்னொரு எடத்துல தட்டுனாரு. தம்பியப் பாத்து, 'மஞ்சி ராயி'ன்னாரு."

நல்ல கல். ஓசூரில் பிறந்து வளர்ந்த யாருக்கு அந்தத் தெலுங்கு புரியாது?

"அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் பசங்க டென்ட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க வெளிய வர்றவரைக்கும் நான் ஒன்னியும் பேசல."

இறங்கும்போதுதான் தம்பி பேச்சை எடுத்திருக்கிறார். அந்தச் சிநேகிதர் கல்குவாரிக்காரர், பாறையைக் கேட்கிறார், அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மகனை நல்ல காலேஜில் சேர்க்கலாம், மகளுக்கும் ஆகும்.

"வேணாம்னன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'கல்ல வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போற? கட்டிக்கிட்டு அழப்போறியா'ன்னான்." அக்கா படுதாவின் மடிப்பை நீவினார். "'ஆமாண்டா, கட்டிக்கிட்டுத்தான் இருக்கன்'னு சொன்னன்."

அவர் யாருக்காவது இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. சண்டை கிடையாது. அவர் உள்ளே வந்தால் டிவியை நிறுத்திவிட்டு எல்லோரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கும். பிள்ளைகளும் அப்படியே. மருமகன் மட்டும் ஒருநாள் அறைக்கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தானாம், உள்ளேயிருந்து கூப்பிட்டதும் சாத்திக்கொண்டான்.

"ஹாலு அமைதியா இருக்குது இப்ப" என்றார் அக்கா. "நல்லா தூங்கலாம்." அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

வீடு உங்கள் பெயரில்தானே இருக்கிறது, அவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்று கோபமாகச் சொன்னேன். "பசங்க எங்க போவாங்க?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்தும் போடவில்லை, வீட்டையும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம்போல இருந்தார். சனிக்கிழமைகளில் பாறைக்குப் போனார். பக்கத்துக் குன்றில் குவாரி ஆரம்பித்துவிட்டார்கள். கல் அறுக்கிற சத்தம் பகலெல்லாம் கேட்கும் என்றார். கூடாரத் துணியில் மாவு மாதிரி தூசி படிந்து வரும். நான் ஈரத்துணியால் துடைத்துக் காதுகளைப் பார்ப்பேன். புதிதாகத் தைக்க இடம் எதுவும் இல்லை. ஒட்டுத்துணியும் இல்லை, உறை முழுக்கத் தீர்ந்திருந்தது.

பிறகு கம்பெனியில் அவருடைய லைனையே குஜராத் பக்கம் மாற்றினார்கள். வருகிறவர்கள் வரலாம், இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். குடும்பம் உள்ளவர்கள் யாரும் போகவில்லை. அக்கா போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் கடைக்கு வந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சட்டை நுனியை மடித்தார், பிரித்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிவதற்கே நேரமானது. அப்படி அவரை நான் பார்த்ததில்லையே.

"உனக்கு முடியறப்போ," என்றார், "எப்பவாச்சும்... அங்க போய் ஒரு எட்டு பாத்துட்டு வர்றியா?"

"போறங்க்கா."

"வேல இருந்தா வேணாம்."

"போறன்னு சொன்னனில்ல."

தலையாட்டினார். மஞ்சள் பையையும் ஒரு சூட்கேஸையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பெங்களூர் பஸ் ஏறிப் போனார். வழியனுப்ப நான்தான் போயிருந்தேன். வேறு யாரையும் காணவில்லை.

*

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பாலிஹவுஸ் காவல்காரர் ஒவ்வொரு முறையும், "அக்கா எப்போ வஸ்தாரு?" என்று கேட்கிறார். எப்போ வருவாங்கன்னு தெரியாது என்கிறேன். பாறை மேல் செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் உட்காருகிறேன். பக்கத்துக் குன்றில் பாதி இல்லை, சோப்புக்கட்டியை வெட்டிய மாதிரி நேராக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சத்தம் இருக்காது.

போன வாரம் அங்கிருந்தபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார். பின்னால் பெண்கள் பேச்சும் சிரிப்பும் இந்திப் பாட்டுமாக ஒரே இரைச்சல். அங்கே ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர். எல்லாம் வடநாட்டுப் பெண்கள், சின்னப் பிள்ளைகள்.

"டென்ட்டு கட்டறீங்களாக்கா?"

"இங்க எங்கமா கட்டறது? தலைக்கு வெச்சுப் படுத்துக்கறன். தலகாணி மாதிரி நல்லாத்தான் இருக்குது."

சாப்பாட்டைக் கேட்டேன், உடம்பைக் கேட்டேன். வீட்டிலிருந்து பேசுகிறார்களா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தம்பி மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததாம், இங்கே வேலை செய்த பெண் ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டாராம். அவனுக்கு ஒரு நல்ல பை தைத்துக் கொடு, நான் சொன்னதாகச் சொல்லாதே என்றார். சரி என்றேன்.



"நீ இப்ப எங்க இருக்க?"

"மேலதாங்க்கா. பாறை மேல."

அந்தப் பக்கம் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. இரைச்சல் குறைந்தது. வெளியே வந்து நிற்கிறார் போலிருந்தது.

"காத்து இருக்குதா?"

"இருக்குது. நல்லா அடிக்குது."

"போனக் கொஞ்சம் நீட்டு."

எழுந்து நின்று மேற்குப் பக்கமாக நீட்டினேன். சேலை படபடத்தது. கீழே பாலிஹவுஸ் பிளாஸ்டிக் ஒன்று விட்டு ஒன்று உப்பி அடங்கியது. நிறைய நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியதும் போனைக் காதில் வைத்தேன்.

"கேட்டுதாக்கா?"



"கேட்டுது" என்றார். "இன்னும் கொஞ்சம் நீட்டு."

கையை மாற்றி நீட்டினேன்.